வீட்டு சர்வருக்கு ஒரு சோதனைக் கணினி: லேப்டாப்பிலா, சர்வரிலேயா, வாடகைக்கா?

வீட்டில் சிறிய சர்வர் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "நெக்ஸ்ட்கிளவுட் அப்டேட் பாதியில் நின்றுவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் கைவைக்கப் பயமாக இருக்கிறது. தனியாக ஒரு மெய்நிகர் கணினியில் செய்து பார்க்கலாம் என்றால், அதை எதில் ஓட்டுவது?" கோப்புகளும் படங்களும் வைக்கும் நெக்ஸ்ட்கிளவுட் இருக்கும் இடத்தில் சில நாள் வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் இருக்கும், சில நாள் திரைப்படம் ஓட்டும் ஜெல்லிஃபின் இருக்கும். கேள்வி மாறுவதில்லை. மெய்நிகர் கணினி என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய இன்னொரு கணினி.

அந்தப் பயம் நியாயமானது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஓடிக்கொண்டிருந்த என் சர்வரில் தரவுத்தளத்தின் பதிப்பு எண் 15 என்றிருந்ததை 16 என்று மாற்றி மறுபடி தொடங்கினேன். அது எழவே இல்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒரு பெரிய பதிப்பில் எழுதிய கோப்புகளை அடுத்த பெரிய பதிப்பு அப்படியே திறக்காது. பழைய பதிப்பிலிருந்து தரவை வெளியே எடுத்துப் புதியதில் ஏற்ற வேண்டும், அல்லது அதற்கென்றே உள்ள கருவியால் மாற்ற வேண்டும். ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். படிக்காமல் கைவைத்தது நான். குடும்பத்தின் பத்து ஆண்டுப் படங்கள் டிஸ்க்கில் பத்திரமாகவே இருந்தன. ஆனால் இரவு இரண்டு மணி வரை அவற்றைத் திறக்க முடியவில்லை. ஒரு நகலில் முதலில் செய்து பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் தெரிந்திருக்கும்.

ஆகவே சோதனைக் கணினி தேவையா என்ற கேள்விக்கே நான் போகவில்லை. தேவை. எதில் ஓட்டுவது என்பதற்கு முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் பழுது எந்த அடுக்கில் இருக்கிறது? மென்பொருளின் பதிப்பிலா, தரவுத்தளத்திலா, நெட்வொர்க்கிலா, டிஸ்க்கிலா, செருகியிருக்கும் யூஎஸ்பி சாதனத்திலா? அந்த ஓர் அடுக்கில் சோதனைக் கணினி உண்மையான சர்வரைப் போலவே நடந்துகொள்ள வேண்டும். மற்ற அடுக்குகளில் எவ்வளவு வேறுபட்டாலும் கவலை இல்லை. பழுது நகலிலும் அதே மாதிரி வராவிட்டால், நீங்கள் பழுதுபார்ப்பது வேறொரு கணினியை.

## எதை வைத்து அளப்பது

ஒத்திருத்தல். பிராசசர் வகை, கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), கோப்பு முறைமை, மென்பொருள் பதிப்பு. வீட்டு சர்வர் ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கணினி என்றால் அதன் பிராசசர் ஏஆர்எம் வகை. உங்கள் லேப்டாப் பெரும்பாலும் இன்டெல் அல்லது ஏஎம்டி. இரண்டுக்கும் தனித்தனி நிரல் கோப்புகள். ஒன்றில் வரும் பிழை மற்றதில் வராமல் போகலாம்.

நெட்வொர்க்கில் இடம். சோதனைக் கணினிக்கு வீட்டு ரவுட்டரிடமிருந்து சொந்த முகவரி கிடைக்கிறதா? ஹோம் அசிஸ்டென்ட், விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல், டிவியில் படம் ஓட்டும் மென்பொருள்கள் ஆகியவற்றுக்கு இதுதான் முதல் அளவுகோல்.

பின்வாங்கும் வசதி. ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் நிலையைப் பதிந்து வைப்பது) எடுத்துவிட்டு உடைத்துப் பார்க்கவும், ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பவும் முடிய வேண்டும். ஒரே பிழையை இருபது முறை வரவழைக்க முடிந்தால்தான் காரணம் பிடிபடும்.

தனித்திருத்தல். சோதனையில் எது உடைந்தாலும் உண்மையான சர்வரைத் தொடக்கூடாது. இதை முதலில் நினைத்துப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

மறைந்த செலவு. மென்பொருள் இலவசம்தான். ரேம், டிஸ்க் இடம், மின்சாரம், உங்கள் மாலை நேரம் ஆகியவை இலவசம் அல்ல.

## லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ்

விர்ச்சுவல்பாக்ஸ் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் நிரல். பெரும்பாலானவர்கள் தொடங்கும் இடம் இது. தொடங்கவும் ஏற்றது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அடிப்படை மென்பொருள் திறந்த மூலம். கூடுதல் வசதிகளுக்கான நீட்டிப்புத் தொகுப்பு மட்டும் வேறு உரிமத்தில் வருகிறது, சொந்தப் பயன்பாட்டுக்கு அதுவும் இலவசம். ஹோம் அசிஸ்டென்ட் இயங்குதளத்தின் டிஸ்க் கோப்பை விர்ச்சுவல்பாக்ஸுக்கு உரிய வடிவத்திலேயே தருகிறார்கள்; 2 ஜிபி ரேம், 32 ஜிபி டிஸ்க், இரண்டு பிராசசர் கருக்கள் கொடுத்தால் எழுந்து நிற்கும். அது யூஇஎஃப்ஐ என்ற தொடக்க முறையில் மட்டுமே எழும். அமைப்பில் அந்தப் பெட்டியைத் தேர்வு செய்ய மறந்துவிட்டு, கறுப்புத் திரையைப் பார்த்து ஒரு மணி நேரம் திகைப்பவர்கள் உண்டு.

இதன் பெரிய பலம் நெட்வொர்க். புதிதாக உருவாக்கும் கணினி நாட் முறையில், அதாவது லேப்டாப்பின் முகவரிக்குப் பின்னால் ஒளிந்து இருக்கும், அதற்கு 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும். இணையத்துக்கு அது போகும், ஆனால் வீட்டில் வேறு எந்தச் சாதனமும் அதைப் பார்க்க முடியாது. பிரிட்ஜ் முறைக்கு மாற்றினால் ரவுட்டர் அதைத் தனி ஒரு கணினியாக நினைத்து முகவரி கொடுக்கும். வைஃபை வழியாகவும் இதைச் செய்துகொடுக்க விர்ச்சுவல்பாக்ஸ் தனியாக மெனக்கெட்டிருக்கிறது. லினக்ஸின் சாதாரண பிரிட்ஜ் வைஃபையில் நின்றுவிடும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

"வீட்டில் உள்ள டிவியையும் பல்பையும் சர்வர் கண்டுபிடிக்கவில்லை" என்ற புகார்களில் பாதி இந்த ஒரு மாற்றத்தில் தீர்ந்துவிடும். சாதனங்கள் ஒன்றையொன்று தேடும் அறிவிப்புகள் ஒரே நெட்வொர்க்குக்குள் மட்டும் சுற்றுபவை. நாட் சுவரை அவை தாண்டுவதில்லை.

மறைந்த செலவுகளில் முதலாவது விண்டோஸில் இருக்கிறது. விண்டோஸ் 11-இல் நினைவக ஒருமைப்பாடு என்ற பாதுகாப்பு வசதியோ, விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதியோ செயலில் இருந்தால், பின்னணியில் மைக்ரோசாஃப்டின் மெய்நிகர் கணினி மென்பொருளான ஹைப்பர்-வி ஓடிக்கொண்டிருக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் அப்போது பிராசசரின் மெய்நிகர் வசதியை நேரடியாகப் பிடிக்க முடியாமல் ஹைப்பர்-வியின் மேல் ஏறி ஓடும். வேகம் கண்கூடாகக் குறையும். சன்னலின் கீழ்ப்பட்டையில் சிறிய ஆமைப் படம் தெரிந்தால் அதுதான் காரணம். மெதுவாக ஓடும் சோதனைக் கணினியில் நேரம் கடந்து நின்றுபோகும் பிழைகள் வந்து, சர்வரில் இல்லாத பழுதைத் தேடவைக்கும்.

இரண்டாவது, ரேம். 8 ஜிபி லேப்டாப்பில் விண்டோஸும் பிரவுசரும் போக 2 அல்லது 3 ஜிபிதான் தர முடியும். வீட்டுக் கோப்புச் சேமிப்புக்கான ஓப்பன்மீடியாவால்டுக்கு அது தாராளம். அதே வேலைக்கான ட்ரூநாஸ் குறைந்தது 8 ஜிபி கேட்கிறது. அதை இந்த லேப்டாப்பில் நினைக்கவே வேண்டாம்.

மூன்றாவது, லேப்டாப் மூடியை மூடினால் சோதனைக் கணினியும் தூங்கிவிடும். எழும்போது அதன் கடிகாரம் பின்தங்கியிருக்கலாம். கடிகாரம் தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ்களும் ஒருமுறைக் குறியீடுகளும் செல்லாது. இரவில் மட்டும் வரும் பழுதுக்கு லேப்டாப் உதவாது என்பதற்கும் இதுவே காரணம்.

விண்டோஸ் புரோ வைத்திருப்பவர்கள் ஹைப்பர்-வியையே பயன்படுத்தலாம். ஹோம் பதிப்பில் அது கிடையாது. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ 2024 நவம்பர் முதல் எல்லோருக்கும் இலவசமாகிவிட்டது. இரண்டும் நல்லவை. ஆனால் விர்ச்சுவல்பாக்ஸ் ஏற்கெனவே சரியாக ஓடுகிறது என்றால், பழுதுபார்க்கும் வேலைக்காக மாறுவதில் லாபம் ஒன்றும் இல்லை.

## லினக்ஸ் கணினியில் கேவிஎம்

அன்றாடம் லினக்ஸில் இருப்பவர் என்றால் தயங்காமல் இதை எடுங்கள். மெய்நிகர் கணினிகளை ஓட்டும் வசதியான கேவிஎம் 2007 முதல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. விர்ட்-மேனேஜர் என்ற சன்னல் நிரலை நிறுவினால் போதும். வேகம் விர்ச்சுவல்பாக்ஸைவிட நன்றாக இருக்கும். சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டி நிர்வகிக்கும் பிராக்ஸ்மாக்ஸும் இதே கேவிஎம் மீதுதான் நிற்கிறது. ஆகவே சர்வரில் பிராக்ஸ்மாக்ஸ் ஓடினால், உங்கள் மேசைக் கணினியில் கிடைப்பது ஏறத்தாழ அதே சூழல்.

பிராசசரை எப்படிக் காட்டுகிறோம் என்பதை இங்கே நம் கையில் வைத்துக்கொள்ளலாம். மாங்கோடிபி என்ற தரவுத்தளம் 5.0 பதிப்பு முதல் ஏவிஎக்ஸ் என்ற பிராசசர் வசதியைக் கட்டாயமாகக் கேட்கிறது. மெய்நிகர் கணினிக்குப் பொதுவான பிராசசர் வகையைக் கொடுத்தால் அந்த வசதி உள்ளே தெரியாது; தரவுத்தளம் தொடங்கிய கணமே விழும். ஹோஸ்டின் (மெய்நிகர் கணினியை ஓட்டும் உண்மையான கணினியின்) பிராசசரை அப்படியே காட்டும் அமைப்புக்கு மாற்றினால் எழுந்துவிடும். இந்தப் பழுதை லேப்டாப்பிலேயே இரண்டு அமைப்பிலும் ஓட்டிப் பார்த்து உறுதிசெய்ய முடியும். சர்வரைத் தொடவே வேண்டாம்.

குறை நெட்வொர்க்கில். இயல்பாகக் கிடைப்பது 192.168.122 என்று தொடங்கும் நாட் வலை. பிரிட்ஜ் வேண்டுமென்றால் கேபிள் வேண்டும். வைஃபை அட்டை தன் பெயரில் பதிந்த முகவரிக்கு மட்டுமே பேசும். வேறொரு மெய்நிகர் அட்டையின் பெயரில் அது அனுப்புவதை வைஃபை நிலையம் ஏற்காது. மேக்விடேப் என்ற குறுக்குவழி கேபிளில் எளிதாக வேலை செய்யும். ஆனால் ஹோஸ்ட் கணினியிலிருந்து அந்த மெய்நிகர் கணினியைத் தொடர்புகொள்ள முடியாது, வீட்டின் மற்ற கணினிகளிலிருந்து மட்டுமே முடியும். இது தெரியாமல், தன் பிரவுசரில் பக்கம் திறக்கவில்லை என்பதற்காக நன்றாக ஓடும் சர்வரைப் பிரித்து மேய்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு சிறு தடை: யூஇஎஃப்ஐ முறையில் தொடங்கும் கணினிகளுக்கு உள் ஸ்னாப்ஷாட் எடுக்கப் பழைய பதிப்புகள் மறுக்கும். அப்போது கணினியை நிறுத்திவிட்டு டிஸ்க் கோப்பையே நகலெடுத்து வையுங்கள். அழகற்ற வழிதான், ஆனால் தவறாது.

## சர்வரிலேயே ஒரு நகல்

வீட்டு சர்வரில் பிராக்ஸ்மாக்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், பழுதான கணினியின் மேல் சொடுக்கி ஒரு நகல் எடுத்துவிடலாம். அதே வன்பொருள், அதே கெர்னல், அதே சேமிப்பகம், அதே நெட்வொர்க். ஒத்திருத்தல் என்ற அளவுகோலில் இதற்கு நிகராக எதுவும் இல்லை. பழுது நகலிலும் வரும் வாய்ப்பு இங்கேதான் மிக அதிகம்.

ஆனால் தனித்திருத்தல் என்ற அளவுகோலில் இதுதான் மிகப் பலவீனம். நகலும் அசலும் ஒரே டிஸ்க்கைப் பங்கிடுகின்றன. பிராக்ஸ்மாக்ஸை இயல்பான முறையில் நிறுவினால் கிடைக்கும் மெல்லிய சேமிப்புக் குளத்தில், இருக்கும் இடத்தைவிட அதிகமாக ஒதுக்க முடியும். நகல், அதன் மேல் மூன்று ஸ்னாப்ஷாட், உள்ளே ஒரு பெரிய அப்டேட் என்று குளம் நிரம்பிவிட்டால் நின்றுபோவது சோதனைக் கணினி மட்டும் அல்ல. அதே குளத்தில் எழுத முயலும் உண்மையான சர்வருக்கும் டிஸ்க் பிழை வரும், கோப்பு முறைமை சிதையலாம். நகல் எடுக்கும் முன் குளத்தில் எவ்வளவு இடம் உள்ளது என்று பாருங்கள். மூன்றில் ஒரு பங்காவது காலியாக இல்லையென்றால் இந்த வழி வேண்டாம் என்பது என் கணக்கு.

பழுது ஹோஸ்டிலேயே இருந்தாலும் இது உதவாது. டிஸ்க் சாகத் தொடங்கியிருக்கிறது, ரேம் தவறுகிறது, பவர் சப்ளை தள்ளாடுகிறது என்றால் நகலும் அதே படகில்தான் இருக்கிறது. டிஸ்க்கின் உடல்நிலை விவரங்கள் மெய்நிகர் கணினிக்குள் தெரியவே தெரியாது.

## தனியாக ஒரு பழைய மினி கணினி

அலுவலகங்கள் கழித்துவிட்ட சிறிய மேசைக் கணினிகள் இரண்டாம் கையில் கிடைக்கின்றன. அதில் பிராக்ஸ்மாக்ஸை நிறுவி, சோதனைக்கென்றே வைத்துக்கொள்ளலாம். பிராக்ஸ்மாக்ஸ் 2008 முதல் இருக்கிறது, டெபியன் மீது கட்டப்பட்டது, சந்தா இல்லாமலே முழுவதும் பயன்படுத்தலாம். உள்நுழையும்போது சந்தா இல்லை என்று ஒரு பெட்டி வரும். சந்தாதாரருக்கான களஞ்சியத்தை மாற்றிக்கொள்ளாவிட்டால் அப்டேட் பிழை காட்டும். இவற்றுக்கு அப்பால் குறை ஒன்றும் இல்லை.

எல்லாப் பழுதுகளுக்கும் ஏற்ற ஒரே வழி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். சர்வர் விழுந்தால் தற்காலிகமாக இதிலேயே சேவையை எழுப்பலாம். எடுத்து வைத்த பேக்கப் உண்மையில் மீள்கிறதா என்று இதில் ஏற்றிப் பார்க்கலாம். கேபிளில் இணைந்திருப்பதால் நெட்வொர்க் தொல்லை இல்லை. நான்கு 5 ஜிபி மெய்நிகர் டிஸ்க்குகளைக் கோத்து ஒரு ரெய்டு (ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும் தொகுப்பு) அமைத்து, ஒன்றைப் பிடுங்கி, மாற்று டிஸ்க் போட்டு மீட்கும் வேலையை இங்கே பழகுங்கள். உண்மையில் டிஸ்க் சாகும் நாளில் கை நடுங்காது. இந்த ஒரு பயிற்சிக்காகவே சோதனைக் கணினி வைத்திருக்கலாம் என்று மனதார நினைக்கிறேன்.

செலவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சும்மா இருக்கும்போது 10 வாட் இழுக்கும் கணினி இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 0.24 யூனிட், 60 நாளுக்கு சுமார் 14 யூனிட். பழைய பெரிய மேசைக் கணினி 50 வாட் இழுத்தால் அதே 60 நாளுக்கு 72 யூனிட். தமிழ்நாட்டில் இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டும்போது கட்டண அடுக்கே மாறுவதால், எல்லையில் நிற்கும் வீட்டுக்கு இந்த 72 யூனிட்டின் விலை கணக்கில் தெரிவதைவிட அதிகம். சோதனை முடிந்ததும் அணைத்துவிட்டால் இந்தப் பேச்சே இல்லை. ஆனால் வாங்கியவர்களில் பலர் அணைப்பதில்லை. கொஞ்ச நாளில் அதிலும் இரண்டு சேவை குடியேறும், பிறகு அதைச் சோதிக்க இன்னொரு கணினி தேவைப்படும். சோதனைக் கணினியில் வீட்டார் நம்பியிருக்கும் எதையும் ஓட்டுவதில்லை என்று முதல் நாளே முடிவெடுங்கள்.

## மெய்நிகர் கணினி இல்லாமல், கன்டெய்னரில்

கன்டெய்னர் என்பது ஒரு மென்பொருளை மற்றவற்றிலிருந்து பிரித்து ஓட்டும் பெட்டி; டாக்கர் அதை ஓட்டும் கருவி. உங்கள் சேவைகள் எல்லாம் டாக்கரில் ஓடுகின்றன, பழுது மென்பொருளின் பதிப்பில்தான் என்றால், முழுக் கணினி தேவையில்லாமல் போகலாம். அமைப்புக் கோப்பை வேறு கோப்புறையில் நகலெடுத்து, தரவை நகலெடுத்து, வாயில் (போர்ட்) எண்ணை மாற்றி, வேறு பெயரில் எழுப்பினால் நொடிகளில் சோதனை தயார். நெக்ஸ்ட்கிளவுட் பெரிய பதிப்புகளைத் தாண்டிக் குதிக்க விடாது; 29-இலிருந்து 31-க்குப் போக 30-இல் நின்றுதான் ஆக வேண்டும், திரும்பி இறங்கவும் வழி இல்லை. அந்தப் படிகளை ஒவ்வொன்றாக ஏறிப் பார்க்கக் கன்டெய்னர் நகல் அருமையாகப் பொருந்தும்.

கன்டெய்னருக்குச் சொந்தக் கெர்னல் கிடையாது, ஹோஸ்டின் கெர்னலைத்தான் பகிர்கிறது. கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு வந்த பழுது, கோப்பு முறைமைப் பழுது, தீச்சுவர் விதிகள், தொடக்கத்தில் நின்றுபோவது ஆகியவற்றை இதில் பார்க்க இயலாது. அமைப்புக் கோப்பில் ஒரு பாதையை மாற்ற மறந்தால் சோதனைக் கன்டெய்னர் அசல் தரவையே திறந்து எழுதத் தொடங்கிவிடும் என்பதுதான் பெரிய ஆபத்து. ஒரே தரவுக் கோப்புறையில் இரண்டு தரவுத்தளம் எழுதினால் மிஞ்சுவது பேக்கப் மட்டுமே. படங்களும் திரைப்படங்களும் இருக்கும் கோப்புறைகளைப் படிக்க மட்டும் என்ற அனுமதியில் இணையுங்கள்.

பிராக்ஸ்மாக்ஸ் தரும் எல்எக்ஸ்சி என்ற வகைக் கன்டெய்னருக்குள் டாக்கரை ஓட்டுவது பலர் செய்யும் சிக்கனம். பிராக்ஸ்மாக்ஸ் ஆவணமே டாக்கருக்கு முழு மெய்நிகர் கணினியைத்தான் பரிந்துரைக்கிறது. பழுது தேடும் இடத்தில் இன்னொரு அடுக்குக் குழப்பம் எதற்கு? சர்வரிலும் அப்படியே ஓடுகிறது என்றால் மட்டும் சோதனையிலும் அதே மாதிரி வையுங்கள். வீடியோவை மாற்றித் தரும் இன்டெல் கிராஃபிக்ஸைப் பல எல்எக்ஸ்சி கன்டெய்னர்கள் ஒரே நேரத்தில் பகிரலாம் என்பதால், ஜெல்லிஃபினில் படம் திக்கும் பழுதுக்கு இது நல்ல மேடை. லேப்டாப்பில் உள்ள விர்ச்சுவல்பாக்ஸ் அந்த கிராஃபிக்ஸை உள்ளே காட்டவே காட்டாது.

## வாடகை விபிஎஸ்

வீட்டில் இடமோ கணினியோ இல்லாதவர்கள் மாத வாடகைக்கு இணையத்தில் ஒரு மெய்நிகர் கணினி (விபிஎஸ்) எடுத்துச் சோதிக்க நினைக்கிறார்கள். ஒரு வகைப் பழுதுக்கு மட்டும் இது பொருந்தும்: வெளியிலிருந்து வீட்டுக்குள் வருவது தொடர்பானவை. இணைய நிறுவனம் பொது முகவரி தராத வீடு, சான்றிதழ் பெறுவதில் சிக்கல், வயர்கார்டு விபிஎன் வழி இணைப்பு. இவற்றை வெளியே நின்று பார்க்க வேண்டும். அதற்கு வாடகைக் கணினி சரியான இடம்.

மற்ற எல்லாவற்றுக்கும் தவிர்க்கவே சொல்வேன். வீட்டு நெட்வொர்க் அங்கே இல்லை. பெரிய படத்தொகுப்பை வீட்டு இணைப்பில் மேலேற்ற நாள்கணக்கில் ஆகும். பொது முகவரியுடன் பிறக்கும் கணினியின் கதவைச் சில நிமிடங்களிலேயே அந்நியர்கள் தட்டத் தொடங்குவார்கள். எளிய கடவுச்சொல் வைத்த சோதனைக் கணினி அவர்களுக்கு விருந்து. பல நிறுவனங்களில் கணினியை அணைத்து வைத்தாலும் வாடகை ஓடும், அழித்தால்தான் நிற்கும். குடும்பப் படங்களை வெளியே கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தானே வீட்டில் சர்வர் வைத்தோம்? அவற்றின் நகலைப் பழுதுபார்ப்பதற்காக வேறொருவர் டிஸ்க்கில் வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | ஒத்திருத்தல் | வீட்டு நெட்வொர்க்கில் இடம் | பின்வாங்குதல் | தனித்திருத்தல் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் | நடுத்தரம் | பிரிட்ஜில் நன்று, வைஃபையிலும் | எளிது | மிக நன்று | ரேம், தூங்கும் லேப்டாப், ஆமை வேகம் |
| லினக்ஸில் கேவிஎம் | நன்று | கேபிள் இருந்தால் நன்று | நன்று, யூஇஎஃப்ஐயில் கவனம் | மிக நன்று | பிரிட்ஜ் அமைக்கும் நேரம் |
| சர்வரிலேயே நகல் | மிக நன்று | மிக நன்று | எளிது | பலவீனம் | பொதுவான டிஸ்க் நிரம்புதல் |
| தனி மினி கணினி | நன்று | மிக நன்று | எளிது | மிக நன்று | வாங்கும் விலை, மின்சாரம் |
| கன்டெய்னர் | பதிப்புப் பழுதுக்கு மட்டும் | ஹோஸ்டைப் பொறுத்தது | தரவு நகல் இருந்தால் | கவனம் தேவை | தவறான பாதையால் தரவு இழப்பு |
| வாடகை விபிஎஸ் | குறைவு | இல்லை | நிறுவனத்தைப் பொறுத்தது | நன்று | மாத வாடகை, பாதுகாப்பு, அந்தரங்கம் |

## நகலை எழுப்பும் முன்

எந்த வழியை எடுத்தாலும், அசல் சர்வரின் நகலைச் சோதனைக்கு எழுப்புபவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிட வேண்டாம். தன்னை நகல் என்று நகல் அறியாது. அது அசலின் எல்லா வேலைகளையும் செய்யத் தொடங்கும்.

ஹோம் அசிஸ்டென்டின் நகலை பிரிட்ஜில் எழுப்பினால், ஆறு மணிக்கு மோட்டார் போடும் கட்டளையை இரண்டு கணினிகளும் அனுப்பும். சாதனங்கள் செய்தி பரிமாறும் எம்கியூடிடி இணைப்பில் இரண்டும் ஒரே அடையாளத்துடன் வந்தால், ஒன்று நுழையும்போது மற்றது வெளியே தள்ளப்படும்; இரண்டும் மாறிமாறி விழுந்துகொண்டே இருக்கும். ஜிக்பீ சாதனங்களோடு பேசும் யூஎஸ்பி குச்சியை ஒரு நேரத்தில் ஒரு கணினிதான் பிடிக்க முடியும். பை-ஹோல் முகவரி வழங்கும் பொறுப்பிலும் இருந்தால், அதன் நகல் வீட்டுச் சாதனங்களுக்குத் தானும் முகவரி வழங்கத் தொடங்கும். நீங்கள் பழுதுபார்க்க உட்கார்ந்த நேரத்தில் வீடு முழுவதும் இணையம் போகும்.

என்னை அதிகம் பயமுறுத்துவது பேக்கப் வேலை. நகல் அதே பேக்கப் இடத்துக்கு எழுதும். பழைய பேக்கப்புகளை அழிக்கும் விதி இருந்தால் அதையும் நிறைவேற்றும். பாதி உடைந்த சோதனைத் தரவு உள்ளே போய், நல்ல பேக்கப் வெளியே போகும்.

ஆகவே நகலின் நெட்வொர்க் அட்டையைத் துண்டித்த நிலையில் முதல் முறை எழுப்புங்கள். உள்ளே போய்க் கால அட்டவணை வேலைகள், பேக்கப், அஞ்சல் அறிவிப்பு, முகவரியைத் தானே புதுப்பிக்கும் சேவை ஆகியவற்றை நிறுத்துங்கள். நிலையான முகவரி இருந்தால் மாற்றுங்கள். கணினியின் பெயரை மாற்றி, மெஷின்-ஐடி கோப்பைக் காலி செய்து புதிதாக உருவாகவிடுங்கள். உபுண்டு சர்வர் ரவுட்டரிடம் முகவரி கேட்கும்போது காட்டும் அடையாளம் அந்த ஐடியிலிருந்து பிறக்கிறது. அட்டையின் எண் வேறாக இருந்தாலும் ஐடி ஒன்றாக இருந்தால் இரண்டு கணினிக்கும் ஒரே முகவரி வந்து சேரும். பிராக்ஸ்மாக்ஸில் நகல் எடுத்தால் அட்டை எண் தானே மாறும். பேக்கப்பிலிருந்து மீட்டால் மாறாது, தனித்துவமாக்கும் பெட்டியைத் தேர்வு செய்ய வேண்டும்.

சான்றிதழ் பழுதைச் சோதிப்பவர்கள் இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டின் ஒத்திகைச் சூழலைப் பயன்படுத்துங்கள். ஒரே பெயர்த் தொகுப்புக்கு ஏழு நாளில் ஐந்து சான்றிதழ் என்பது அதன் வரம்பு. சோதனையில் ஐந்தையும் செலவழித்துவிட்டால், அசல் சர்வருக்குத் தேவைப்படும்போது கிடைக்காது.

நெக்ஸ்ட்கிளவுட் நகலைப் புதிய முகவரியில் திறந்ததும் நம்பப்படாத முகவரி என்று மறுக்கும். அது பழுது அல்ல. அமைப்புக் கோப்பில் புதிய முகவரியைச் சேர்த்தால் திறந்துவிடும்.

## யாருக்கு எது

அப்டேட்டுக்கு முன் ஒத்திகை பார்க்க வேண்டும், சேவைகள் டாக்கரில் இருக்கின்றன, சர்வரில் இடம் இருக்கிறது: கன்டெய்னர் நகல். முதல் முறை வீட்டு சர்வர் அமைக்கிறீர்கள், எதுவும் உறுதியில்லை: லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ், பிரிட்ஜ் முறையில். சாதனங்கள் காணாமல் போவது, முகவரிக் குழப்பம் போன்ற நெட்வொர்க் பழுது: கேபிளில் இணைந்த எதுவும் சரி, அதில் மினி கணினி முதலிடம். எப்போதோ ஒருமுறை, நள்ளிரவில் மட்டும் வரும் பழுது: பிராக்ஸ்மாக்ஸ் சர்வரில் நகல், இடம் இருந்தால் மட்டும். குடும்பத்தில் நான்கு பேர் அன்றாடம் நம்பியிருக்கும் சர்வர் என்றால், பழுது வரும் வரை காத்திராமல் மினி கணினியை இப்போதே வாங்கி, பேக்கப்பை அதில் ஒருமுறை மீட்டுப் பாருங்கள்.

ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வேறு பதில். இன்டெல் லேப்டாப்பில் ஏஆர்எம் கணினியைப் போலியாக ஓட்ட முடியும், ஆனால் பொறுமையைச் சோதிக்கும் அளவுக்கு மெதுவாக இருக்கும். எம் வரிசை மேக் இருந்தால் நிலைமை நல்லது. அதன் பிராசசரும் ஏஆர்எம் என்பதால், 64 பிட் டெபியன் ஏஆர்எம் பதிப்பு அதில் மெய்நிகராக வேகமாக ஓடும். மேக் இல்லையென்றால் மெய்நிகர் கணினியையே விட்டுவிடுங்கள். இன்னொரு மெமரி கார்டு வாங்கி, அசல் கார்டை அதில் அப்படியே நகலெடுங்கள். வீட்டார் தூங்கிய பிறகு ராஸ்பெர்ரி பையை அணைத்து, கார்டை மாற்றி, நகலில் உடைத்துப் பாருங்கள். வெளியே தனி டிஸ்க் இணைந்திருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். வேலை முடிந்ததும் பழைய கார்டைச் செருகினால் காலையில் சர்வர் பழையபடி ஓடும்.